முதலில் தண்ணீரைப் பாருங்கள்: பள்ளிக்கரணையில் மழைக்காலப் பறவை நோக்கலுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கார்த்திகை மாதத்தில் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு முதன்முறையாகப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இளஞ்சிவப்பு வரிசை கட்டி நிற்கும் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நேரில் தெரிவதோ கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், நடுவே சம்பங்கோரைத் திட்டுகள், தொலைவில் சில கரும்புள்ளிகள். அந்தப் படங்கள் பெரும்பாலும் தை தொடங்கிப் பங்குனி வரை, நீர் வற்றிப் பறவைகள் குறுகிய இடத்தில் நெருங்கிக் கூடும்போது எடுக்கப்பட்டவை. மழைக்காலத்திலோ சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளும் குட்டைகளும் நெல்வயல்களும் ஒருசேர நிரம்பிக் கிடக்கின்றன. அப்படியிருக்க, பறவைகள் ஏன் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

அதனால் மழைக்காலம் பறவை பார்க்க ஏற்ற காலமன்று என்று பொருளில்லை. குஞ்சுகளோடு நீந்தும் முக்குளிப்பானையும், வலசை வந்து இறங்கிய களைப்போடு மிதக்கும் வாத்துகளையும், மதகடியில் மீனுக்காக மோதிக்கொள்ளும் கொக்குகளையும் பார்க்க இதைவிடச் சிறந்த பருவம் இல்லை. ஆனால் தேடும் முறை மாற வேண்டும். பறவையைத் தேடுவதற்கு முன் தண்ணீர் எங்கே எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று கணிக்கப் பழகினால், எந்தப் பறவை எங்கே இருக்கும் என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

இடமும் வேளையும்

உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் வடிகிறது. பறவை நோக்குபவருக்கு இது பாடப்புத்தகச் செய்தி மட்டுமன்று. உங்கள் தெருவில் நேற்று தூறல்கூட விழாமல் இருந்திருக்கலாம். மேலே உள்ள ஏரிகள் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியத் தொடங்கியிருந்தால் சதுப்பு நிலத்தில் நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். போன வாரம் உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் ஓடித் திரிந்த சேற்றுத்திட்டு இந்த வாரம் நீருக்கடியில் இருக்கும்.

சதுப்பு நிலத்தை ஊடறுத்துச் செல்லும் துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலையின் ஓரத்திலிருந்து பார்ப்பதே பலருடைய வழக்கம். புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணைக் கருவியில் வைத்தவருக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. மழையில் சாலையோரம் தேங்கிய நீர் பள்ளத்தை மறைத்துவிடும். வனத்துறையின் சூழல் பூங்காவோ, சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையோரம் உள்ள பெரும்பாக்கம் ஏரியோ தொடக்கத்துக்குப் போதும். பூங்காவின் திறப்பு நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு பழக்கம் உண்டு. கடலிலிருந்து நகர்ந்து வரும் மேகங்கள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் கொட்டிவிட்டு, பொழுது ஏற ஏற ஓய்ந்துவிடும். ஆகவே இரவு முழுக்கப் பெய்து விடியலில் வெறித்த நாளே உங்களுக்கான நாள். நனைந்த பறவைகள் இறகு உலர்த்தும், கோதிக்கொள்ளும். மழையில் இரை தேட முடியாத பசியோடு மும்முரமாக மேயும். நவம்பரில் சென்னையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதிப்பதால், ஐந்தே முக்காலுக்கே இடத்தில் இருப்பது நல்லது. புறப்படுமுன் வானிலை ஆய்வுத்துறை இணையத்தில் வெளியிடும் ராடார் படத்தைப் பாருங்கள். கடல்மேல் திரண்ட மேகத்திட்டு கரையை நோக்கி நகர்கிறதா என்பது அதில் தெரியும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். பறவைகளும் அன்று ஒதுங்கித்தான் இருக்கும்.

விரல், சாண், முழம்

நீர்ப்பறவைகளைக் கால் நீளமும் கழுத்து நீளமும்தான் பங்கிட்டு வைத்திருக்கின்றன. இதை அளக்கக் கருவி வேண்டாம். நம் பழைய அளவுகளே போதும். ஈரச் சேறும் இரண்டு விரல் ஆழ நீரும் உள்ள இடம் பொரி உள்ளான், ஆள்காட்டி போன்றவற்றுக்கு உரியது. ஒரு சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான் தன் சிவந்த கால்களோடு தாராளமாக நடக்கும். சின்னக் கொக்கும் மடையானும் அதே ஆழத்தை ஒட்டி நிற்கும். முழ ஆழம் பெரிய கொக்குக்கும் சாம்பல் நாரைக்கும், தலைகீழாகக் கவிழ்ந்து அடித்தரையை மேயும் ஊசிவால் வாத்துக்கும் ஏற்றது. அதற்கும் மேல் ஆழமானால் நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், கூழைக்கடா ஆகியவற்றின் ஆட்சி.

ஏரியில் நின்றதும் முதல் பத்து நிமிடம் தொலைநோக்கியைக் கழுத்திலேயே தொங்கவிட்டு, வெறுங்கண்ணால் இந்த ஆழங்களைப் பிரித்துப் பாருங்கள். புல் நுனி நீருக்கு மேல் தெரியும் இடம் ஆழம் குறைந்தது. அல்லியும் தாமரையும் படர்ந்த இடத்தில் இலைக்கோழி நடக்க மேடை இருக்கிறது. காற்றில் பெரிய அலை எழும் திறந்த பரப்பு ஆழமானது. ஆகாயத்தாமரை அடர்ந்த பகுதியைப் பார்த்துத் தரை என்று எண்ணிக் கால் வைத்துவிடாதீர்கள். அதன் அடியில் எவ்வளவு நீர் என்பது மேலிருந்து தெரியாது.

மழைக்காலத்தில் இன்னோர் இடம் உண்டு. அனுபவசாலிகள் நேரே அங்குதான் போய் நிற்பார்கள். வரத்துக் கால்வாய் ஏரியில் விழும் வாய், சாலைக்கடியில் நீர் கடக்கும் சிறுபாலம், மதகடி, கலங்கல் ஆகிய நீர் ஓடும் இடங்களே அவை. ஓட்டத்தோடு கெண்டைக் குஞ்சும் ஜிலேபி மீனும் வந்து விழ, கொக்குகள் அங்கே இடம் பிடித்துக்கொள்கின்றன. பெரும்பாக்கத்தில் ஒரு சிறுபாலத்தின் விளிம்பில் ஒரு மடையானை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மண்ணாங்கட்டி போலக் கிடந்தது. நீர் சுழித்து வெளிவரும் ஒரே புள்ளியில் பார்வை. மீன் நழுவும் கணத்தில், அந்தச் சிறிய உடலுக்குள் எங்கே வைத்திருந்ததோ என்று வியக்கும் அளவுக்குக் கழுத்து நீண்டு போய்த் திரும்பியது. இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை பிடித்தது. பிடித்ததும் பறந்துவிடவில்லை, ஓரடி நகர்ந்து விழுங்கிவிட்டு அதே இடத்துக்கே வந்தது. ஏரி முழுக்கச் சுற்றி வந்திருந்தால் அன்று எனக்கு நாற்பது இனம் கிடைத்திருக்கலாம், இது கிடைத்திருக்காது.

கொண்டு செல்ல வேண்டியவை

ஒரு தொலைநோக்கி வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை உள்ள வகையை வாங்குங்கள். பத்து, பன்னிரண்டு மடங்கு கவர்ச்சியாகத் தோன்றினாலும் கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும். மேகமூட்டத்தில் பிம்பமும் இருண்டு தெரியும். நீர் புகாத வகை என்றால் மழைக்காலத்தில் கவலை குறையும். முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குக் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. இதை யாரும் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

குறிப்பேட்டுக்குப் பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். ஈரத்தில் மை ஊறிவிடும். குடை காற்றில் மடங்கும், அதன் அசைவு பறவையை விரட்டும். மங்கிய பச்சை அல்லது பழுப்பு நிற மழைக்கோட்டு போதும். கரையோரப் புல்லில் மழைக்காலத்தில் பாம்பு ஒதுங்கியிருக்கும் என்பதால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் அணிந்து, அடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள்.

நெருங்காமல் நெருங்குவது

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். மழைக்கால ஏரியில் நீங்கள் நடக்கக்கூடிய கரை குறைவு, பறவைக்குப் பறந்து போக இடம் மிகுதி. ஆகவே துரத்துவதில் எப்போதும் நீங்களே தோற்பீர்கள். ஆழம் பார்த்து, வெளிச்சம் முதுகுப்பக்கம் விழும்படி ஓரிடத்தைத் தேர்ந்து உட்கார்ந்துவிடுங்கள். மார்கழியை ஒட்டிய மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால், காலையில் வடக்கையோ மேற்கையோ நோக்கி அமர்ந்தால் ஒளி சாதகமாக விழும். கால் மணி நேரம் அசையாதிருந்தால், முதலில் கோரைக்குள் ஒளிந்த நீலத் தாழைக்கோழி வெளியே வரும். ஒரு காலால் தண்டைப் பிடித்து, குழந்தை கரும்பு கடிப்பது போல அதன் குருத்தைக் கடித்துத் தின்னும்.

பறவை உங்களால் தொந்தரவுற்றதா என்பதை அதன் கழுத்தே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த சீழ்க்கைச் சிறகிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள், தலைகள் தாழ்ந்த பிறகும் மேலே போகாதீர்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், கல்லெறிந்து பறக்கவிட்டுப் படம் எடுப்பதும், டிரோன் விடுவதும் கூடாது. மழைக்காலத்தில் கூடுகளும் இருக்கும். முக்குளிப்பான் நீர்ப்பாசியையும் அழுகிய தண்டுகளையும் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. விலகிப் போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். அதனால் வெறும் குப்பைத் திட்டு போலத் தோன்றுவதில் முட்டைகள் இருக்கலாம். முக்குளிப்பான் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தால், அங்கிருந்து விலகிச் செல்லுங்கள்.

பெயர் சொல்லப் பழகுதல்

முதலில் இனத்தின் பெயரைத் தேடாமல், அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நீந்துகிறதா, நீரில் நடக்கிறதா, இலைமேல் நடக்கிறதா, மேலிருந்து பாய்கிறதா என்ற கேள்வியே பாதிப் பட்டியலைக் கழித்துவிடும். கறுப்பு உடலும் வெண்ணிற நெற்றியுமாக நீந்துவது நாமக்கோழி. அதன் நெற்றியைப் பார்த்த எவருக்கும் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடல் முழுக்க நீருக்குள் மறைந்து, கழுத்து மட்டும் பாம்பு போல நெளிந்து போனால் பாம்புத்தாரா. அலகு நுனி ஊசிபோல் கூராக இருக்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியோ கொக்கி போல வளைந்திருக்கும்.

வெள்ளைக் கொக்குகள் எல்லாரையும் குழப்பும். கறுத்த காலும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக் கொக்கு. ஆனால் பாதம் நீருக்குள் இருக்கும்போது அது எப்படித் தெரியும்? பறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரிய கொக்குக்கு வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இடைக்கொக்குக்குக் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். அருகில் கிடைத்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்துகளிடம்தான் மழைக்காலத்தில் எச்சரிக்கை தேவை. படங்களில் காணும் பளிச்சென்ற ஆண் வாத்துகளை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எதிர்பார்க்காதீர்கள். இனப்பெருக்கம் முடிந்து இறகு மாற்றிக்கொண்ட ஆண்கள் வலசை வந்து இறங்கும்போது பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். நீலச்சிறகியின் ஆண் தன் வண்ணத்தைத் திரும்பப் பெறப் பனிக்காலத்தின் பிற்பகுதிகூட ஆகிவிடும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடியுங்கள். கரண்டி போல அகன்ற அலகு என்றால் தட்டைவாயன். நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலும் என்றால் ஊசிவால் வாத்து. முகத்தில் கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர்கோடுகளோடு சிறிய உடல் என்றால் நீலச்சிறகி. ஆண் பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி சாம்பல் கலந்த நீலமாகத் தெரிவதால்தான் அந்தப் பெயர். நீளவால் இலைக்கோழியும் அப்படித்தான்: பனிக்காலத்தில் அந்த நீள வால் இருக்காது, கழுத்தோரம் இறங்கும் கறுப்புப் பட்டையை வைத்தே அடையாளம் காண வேண்டும்.

கரையில் உடையாத வெற்று நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால் நிமிர்ந்து சுற்றிலும் பாருங்கள். நத்தைக்குத்தி நாரை பக்கத்தில்தான் இருக்கும். அலகுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்டு அது பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்கும் என்று நினைப்போம். உண்மையில் அது கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தித் தசையை அறுத்து, சதையை மட்டும் முழுதாக உருவிவிடுகிறது.

படம் எடுத்தல்

மேகமூட்டத்தைக் குறைசொல்லாதீர்கள். கொக்கின் வெண்மையில் இறகு இறகாக விவரம் தெரிவது நிழலற்ற அந்த ஒளியில்தான். ஒளி குறைவு என்பதால் கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. அளவை 1600, 3200 என்று உயர்த்தத் தயங்க வேண்டாம். மணல்மணலாகத் தெரியும் படத்தைப் பிறகு ஓரளவு திருத்தலாம், அசைந்து கலங்கிய படத்தைத் திருத்த முடியாது. நிற்கும் பறவைக்கு 1/500 வினாடி, பறப்பதற்கு 1/1600 வினாடி என்று தொடங்குங்கள். குவியம் பறவையைத் தொடர்ந்து பின்பற்றும் முறையில் கேமரா இருக்கட்டும்.

கருவி தானாகக் கணிக்கும் ஒளியளவை அப்படியே நம்பக்கூடாத இடங்கள் இரண்டு. இருண்ட நீரின் முன் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா காட்சி முழுவதையும் வெளுத்துவிடும். ஒளியீட்டை (எக்ஸ்போஷர்) முக்கால் அல்லது ஒரு படி (ஸ்டாப்) குறையுங்கள். சாம்பல் வானத்தின் முன் சேற்றுப் பூனைப்பருந்து பறந்தால் அது வெறும் நிழலாகிவிடும். ஒரு படி கூட்டுங்கள். தூறல் விழும்போது பின்னணி இருண்டிருந்தால் 1/125 வினாடிக்கு இறங்கிப் பாருங்கள். நீர்த்தாரைகள் கோடுகளாக விழும், அசையாமல் நிற்கும் நாரைக்கு அது அழகு சேர்க்கும்.

கரைமேல் நின்று எடுத்தால் பறவையை மேலிருந்து பார்ப்பது போலவே படம் வரும்; குந்தி அமர்ந்து வில்லையைத் தாழ்த்தினால் பறவையின் கண்மட்டத்தை நெருங்கலாம். வழுக்கும் கரையில் படுத்துப் படம் எடுக்கும் சாகசம் வேண்டாம். கம்பி வேலி குறுக்கிட்டால் வில்லையை வேலிக்கு மிக அருகில் கொண்டுபோய், வில்லையின் துளையை (அப்பர்ச்சர்) பெரிதாகத் திறந்து எடுங்கள், கம்பி மறைந்துபோகும். காரின் சன்னலில் கேமராவைத் தாங்கத் தானியம் நிரப்பிய துணிப்பை வைப்பவர்கள், அது நனைந்தால் இரண்டு நாளில் முளைவிட்டு நாறும் என்பதை நினைவில் வையுங்கள். என் பச்சைப்பயறுப் பை அப்படித்தான் போனது.

வீடு திரும்பிய பின்

கருவியை ஈரத்திலிருந்து காப்பது காலையில் ஏரிக்குப் போகும்போதே தொடங்குகிறது. அங்கே குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் வில்லையில் பனி படியும். துடைக்கத் துடைக்க மீண்டும் படியும். முதல் அரை மணி நேர நல்ல ஒளி அதிலேயே கழிந்துவிடும். வழியிலேயே குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரமான பையிலேயே கருவியை விட்டுவைக்காதீர்கள். ஒரு நவம்பரில் சோம்பலால் நான் விட்டுவைத்த லென்ஸின் உள்ளே மூன்று வாரத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கியிருக்கலாம். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, சில பொட்டலம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி இவ்வளவு போதும். மானி 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும்.

அன்றே குறிப்பேட்டைத் திறந்து, பார்த்ததைப் பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். அடையாளம் உறுதியில்லாத பறவையை ‘வாத்து வகை’ என்றே எழுதுவதில் வெட்கமில்லை. தனியாகப் போகத் தயங்குபவர்கள் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடைகளில் சேரலாம். ஜனவரியில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் புதியவர்கள் பங்கேற்கலாம்.

குறிப்பேட்டின் முதல் வரியில் தேதிக்கு அடுத்ததாக நீர்மட்டத்தை எழுதுங்கள். சிறுபாலத்தின் தூணோ, வேலிக்கல்லோ, ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, நீர் அதில் எதுவரை நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வாருங்கள். தை பிறந்து அந்தக் கல்லில் நீர் இரண்டு சாண் இறங்கி, பாசி படிந்த கோடு வெளியே தெரிகிற வாரத்தில் அதே இடத்துக்கு மீண்டும் போங்கள். நவம்பரில் முக்குளிப்பான் மூழ்கிய இடத்தில் உள்ளான்கள் நடந்துகொண்டிருக்கும்.